புதுப்பிப்பு: அம்மாவின் கைரேகை கடைசியில் ஏறிவிட்டது

கோத்தகிரி பக்கம் கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு வங்கிக் கணக்கு திறக்கப்போனால் இ-கேஒய்சி (ஆதாரை வைத்து ஆளைச் சரிபார்ப்பது) தோற்றுக்கொண்டே இருக்கிறது, ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. கணக்கு திறந்தாச்சு.

சிக்கல் இரண்டு. ஒன்று, ரேகை. வருஷக்கணக்கில் கிள்ளிக் கிள்ளிக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வழுவழுவென்று ஆகிவிட்டன. பனிக்காலத்தில் தோல் வறண்டு வெடிப்பு வேறு. "பயோமெட்ரிக்கை லாக் பண்ணியிருப்பீங்க" என்று, அதாவது ஆதாரில் ரேகையை நாமே பூட்டி வைத்திருப்போம் என்று ஒருவர் சொன்னது நியாயமான சந்தேகம்தான். ஆனால் அதற்குப் பிழை எண் 330 வரும். எங்களுக்கு வந்தது 300, அதாவது ரேகை பொருந்தவில்லை. ஆதாரில் பத்து விரலும் பதிவாகியிருக்க, எல்லோரும் கட்டைவிரலையே அமுக்கச் சொல்வது ஏனோ! கையைக் கழுவித் துடைத்து, லேசாக எண்ணெய் தடவி, இடது மோதிர விரலை வைத்தோம். ஏறிவிட்டது.

இன்னொன்று, பெயர். பான் அட்டையில் தாத்தா பெயர் முழுசாக, ஆதாரில் வெறும் இனிஷியல். நமக்கு ஒரே ஆள். மென்பொருளுக்கு இரண்டு பேர். ஆதாரில் விரித்து எழுதித் திருத்தினோம்.

ஓடிபி போதாதா என்று கேட்ட குன்னூர் அண்ணனுக்கு: மொபைல் எண் ஆதாரில் இணைந்திருந்தால் போதும், வீட்டிலிருந்தே திறக்கலாம். ஆனால் அந்தக் கணக்கில் இருப்பு 1 லட்சத்தைத் தாண்டக் கூடாது, ஒரு வருஷத்துக்குள் முழுச் சரிபார்ப்பும் முடிக்க வேண்டும். அதனால்தான் நேரிலேயே போனோம்.