ஞாயிறு விவாதத்துக்கு ஒரு பதில் தேவை

வணக்கம். எங்கள் சனசமூக நிலையத்தில் ஞாயிறன்று விவாதம்: 'கட்சி அடையாளம் இல்லாத அரசியல் சாத்தியமா?' நான் 'சாத்தியம்' அணி. உள்ளூர எனக்கே சந்தேகம் உண்டு, அதை விடுங்கள்.

பிரான்சில் மக்ரோன் 2016இல் இடதும் வலதும் கடந்த இயக்கம் என்று தொடங்கி மறு ஆண்டே சனாதிபதியானார். ஆனால் இயக்கம் கட்சியாகிவிட்டது! அமெரிக்காவின் 'நோ லேபிள்ஸ்' ('முத்திரைகள் வேண்டாம்') என்ற அரசியல் அமைப்போ தகுந்த வேட்பாளர் கிடைக்காமல் 2024 ஏப்ரலில் சனாதிபதித் தேர்தல் முயற்சியைக் கைவிட்டது.

எனவே உள்ளூரையே நம்பியிருக்கிறேன். 2024 பொதுத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 6 ஆசனங்களில் ஒன்று சுயேச்சைக் குழுவுக்குக் கிடைத்தது. 'அவர்களும் சின்னத்தில்தானே கேட்டார்கள்?' என்று எதிரணி மடக்கினால் என்ன சொல்வது?

பிரதேச சபையில் சுயேச்சை உறுப்பினராக இருந்தவர்கள் இங்கே உண்டா? பாதீட்டு வாக்கெடுப்பில் எந்தப் பக்கம் நிற்பது என்பதை எப்படித் தீர்மானித்தீர்கள்? சனிக்கிழமைக்குள் எழுதினால் பேருதவி.