ஹெட்போனில் ஆம்ப், லைவில் தகர டப்பா: கிட்டார் எஃபெக்ட்ஸ் யாருக்கும் போய்ச் சேரவில்லை

தூத்துக்குடி கிட்டார் வாத்தியார்:

எல்லோருக்கும் வணக்கம். 19 வருடமாக வீட்டில் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் படித்த பிள்ளைகளில் பலர் இப்போது துபாயிலும் தோஹாவிலும் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் ஆசைப்பட்டுக் கேட்டதால் ஞாயிறு இரவு 8 மணிக்கு யூடியூபில் ஒரு மணி நேரம் லைவ் வாசிக்கிறேன். மூன்று வாரம் ஆயிற்று.

என்னிடம் இருப்பது ஒரு சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்) எலெக்ட்ரிக் கிட்டார், கிட்டாரையும் மைக்கையும் கம்ப்யூட்டரோடு இணைக்கிற, இரண்டு இன்புட் உள்ள யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், விண்டோஸ் லேப்டாப், கிட்டார் ஆம்பையும் எஃபெக்ட்ஸையும் கம்ப்யூட்டரிலேயே தருகிற ஆம்ப்ளிடியூப் மென்பொருள், லைவ் ஒளிபரப்புக்கு ஓபிஎஸ் மென்பொருள். முதல் இன்புட்டில் பேசுகிற மைக், இரண்டாவதில் கிட்டார். ஹெட்போனில் எனக்கு அருமையாகக் கேட்கிறது. லேசான ஓவர்டிரைவ் (கரகரப்பு), பின்னால் டிலே (எதிரொலி), கொஞ்சம் ரிவெர்ப் (அறை முழக்கம்).

ஆனால் தோஹாவில் இருக்கும் பையன், "சார், தகர டப்பாவைத் தட்டுற மாதிரி இருக்கு, அதுவும் வலது காதுல மட்டும்தான் வருது" என்கிறான். நோட்டை நீட்டிப் பிடித்தால் யாரோ நடுவில் வால்யூமைக் குறைத்த மாதிரி மறைந்துவிடுகிறதாம். பதிவைப் போட்டுப் பார்த்தேன், அவர்கள் சொன்னது அத்தனையும் உண்மை. கை கம்பியைத் தொடுவதற்கு முன்பே சத்தம் வேறு வந்துவிடுகிறது.

கடையில் இன்டர்ஃபேஸை மாற்றச் சொல்கிறார்கள். பணம் போடுவதற்கு முன் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன்.

பாளையங்கோட்டை சவுண்ட்:

அண்ணாச்சி, இன்டர்ஃபேஸை மாற்றவே வேண்டாம். அது ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. ஒலி போகிற பாதைதான் பிரிந்து கிடக்கிறது.

ஆம்ப்ளிடியூப் ஏசியோ (தாமதம் குறைந்த ஒலிப் பாதை) டிரைவர் மூலமாக இன்டர்ஃபேஸோடு நேரடியாகப் பேசுகிறது. விண்டோஸின் ஒலிக் கலவைப் பக்கமே அது போவதில்லை. நீங்கள் வாசித்தவுடன் காதில் கேட்பது அதனால்தான். ஓபிஎஸ் ஒலியை எடுப்பது விண்டோஸ் வழியாக. ஆகவே ஆம்ப் ஏறிய ஒலி உங்கள் ஹெட்போனோடு நின்றுவிடுகிறது. பிள்ளைகளுக்குப் போவது ஜாக்கில் நுழைகிற, எஃபெக்ட் எதுவும் ஏறாத வெறும் கிட்டார் ஒலி. இரண்டாவது இன்புட் என்பதால் அது வலது பக்கமாக மட்டும் போகிறது. உங்கள் பேச்சு இடது காதில் மட்டும் வந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

சில இன்டர்ஃபேஸில் லூப்பேக் என்று ஒரு வசதி உண்டு, கம்ப்யூட்டரிலிருந்து வெளியே வருகிற ஒலியையே மறுபடி இன்புட்டாகத் திருப்பித் தரும். இருந்தால் அதை ஓபிஎஸ்ஸில் தேர்ந்தெடுத்தால் போதும். உங்களுடையதில் இல்லையென்றால் நான் செய்கிற வழியைச் சொல்கிறேன்.

ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை நிறுவுங்கள். 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். ஒரு டிராக்கில் மைக், இன்னொன்றில் கிட்டார். ஆம்ப்ளிடியூபைத் தனியாகத் திறக்காமல் கிட்டார் டிராக்குக்குள் பிளகினாக (உள்ளே செருகுகிற துணை மென்பொருளாக) போடுங்கள். இரண்டும் நடுவில் வந்துவிடும், வலது இடது சிக்கல் அங்கேயே தீர்ந்தது. மாஸ்டரில் (எல்லா டிராக்கும் சேர்கிற இடத்தில்) ஒலியை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புகிற ரியாஸ்ட்ரீம் என்ற பிளகினைப் போட்டு, அனுப்புகிற நிலையில் வையுங்கள். அதே ரியாஸ்ட்ரீம் ரியாபிளக்ஸ் என்ற இலவசத் தொகுப்பில் தனியாகவும் கிடைக்கும். ஓபிஎஸ்ஸில் மைக் மூலத்துக்கு விஎஸ்டி (பிளகின் வகை) ஃபில்டராக அதைச் சேர்த்து, வாங்குகிற நிலையில் வையுங்கள். அவ்வளவுதான், ரீப்பரில் நீங்கள் கேட்கிற கலவை அப்படியே லைவுக்குப் போகும். விண்டோஸ், ரீப்பர், ஓபிஎஸ் மூன்றிலும் சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை ஒலி மாதிரி என்பது) 48,000 ஹெர்ட்ஸ் என்று ஒரே அளவாக இருக்கட்டும். டெஸ்க்டாப் ஆடியோவையும் வெப்கேமின் மைக்கையும் ஓபிஎஸ்ஸில் அணைத்துவிடுங்கள்.

ரீப்பரில் பஃபரை (ஒலியை ஒரு தடவைக்கு எவ்வளவு சேர்த்து அனுப்புவது என்ற அளவை) 128 சாம்பிளில் வைத்துத் தொடங்குங்கள். 48,000-இல் அது ஏறத்தாழ 2.7 மில்லிசெகண்ட். உள்ளே வந்து வெளியே போக எல்லாம் சேர்த்து 10 மில்லிசெகண்ட் ஆனாலும் பயமில்லை. மேடையில் ஆம்பிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நின்றால் அவ்வளவு தாமதம் எப்படியும் இருக்கும். இருபது வருடம் கல்யாணக் கச்சேரிகளில் அந்தத் தூரத்தில் நின்று வாசித்த கைகளை நான் பார்த்திருக்கிறேன். கரகரவென்று வெட்டினால் மட்டும் 256-க்கு ஏற்றுங்கள்.

நோட் மறைவதற்குக் காரணம், ஓபிஎஸ்ஸில் மைக்குக்கு நாய்ஸ் சப்ரஷன் ஃபில்டர் போட்டிருப்பீர்கள். அது பேச்சுக்காகச் செய்யப்பட்டது. நீட்டிப் பிடித்த கிட்டார் நோட்டை மின்விசிறி இரைச்சல் என்று எண்ணி அமுக்கிவிடும். எடுத்துவிடுங்கள். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. எத்தனையோ நல்ல வாசிப்பு லைவில் இப்படித்தான் அடங்கிப்போகிறது, வாசித்தவர் தன் கையைத்தான் குறை சொல்லிக்கொள்கிறார்.

கை பின்தங்குவது கேமராவின் தாமதம். கேமரா முன்னால் ஒருமுறை கை தட்டி ஓபிஎஸ்ஸிலேயே பதிவு செய்யுங்கள். சத்தம் வந்து எத்தனை ஃப்ரேம் கழித்துக் கைகள் சேர்கின்றன என்று எண்ணுங்கள். நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் ஒன்றுக்கு 33 மில்லிசெகண்ட். அந்தக் கணக்கை ஓபிஎஸ்ஸில் ஆடியோவைத் தாமதப்படுத்துகிற சிங்க் ஆஃப்செட்டில் போடுங்கள்.

கோவை பெடல்போர்டு:

சவுண்ட் அண்ணன் சொன்னது சரி. நான் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. எஃபெக்ட்ஸ், வீடியோ, அப்லோட் மூன்றையும் ஒரே பழைய லேப்டாப்பின் தலையில் ஏற்றுவது எனக்குப் பிடிக்காது. பாஸ் ஜிடி-1 மாதிரி ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் பெடலில் யூஎஸ்பி ஆடியோ இருக்கிறது. எஃபெக்ட் ஏறிய ஒலியே கம்ப்யூட்டருக்குப் போகும். ஓபிஎஸ் அதை நேராக எடுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் திணறினாலும் உங்கள் வாசிப்பு திணறாது.

எந்தப் பெடலாக இருந்தாலும் கேபினெட் சிமுலேஷனை (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்வதை) ஆன் செய்ய மறக்காதீர்கள். ஸ்பீக்கர் இல்லாமல் நேராகப் போகிற டிஸ்டார்ஷன் குளவிக் கூட்டைக் கலைத்த மாதிரி இருக்கும். அப்புறம், பெடலை உங்கள் இன்டர்ஃபேஸில் செருகுவதாக இருந்தால் நேரடிக் கிட்டாருக்கான இன்ஸ்ட் பட்டனை அணைத்து லைனுக்கு மாற்றுங்கள். நெட்டுக்கு வைஃபை வேண்டாம், ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள்.

தூத்துக்குடி கிட்டார் வாத்தியார்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பெடலுக்கு இப்போது கையில் பணம் இல்லை, ரீப்பர் வழியில் போனேன். ரியாஸ்ட்ரீமில் முதலில் ஒன்றுமே வரவில்லை. இரண்டு பக்கமும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அரை மணி நேரம் கழித்துத்தான் பிடிபட்டது. கைதட்டலை எண்ணினேன், 4 ஃப்ரேம். 130 போட்டேன், விரலும் ஒலியும் ஒட்டிக்கொண்டன. நேற்று அந்தத் தோஹா பையன், "சார், கிளாஸ் ரூம்ல உக்காந்த மாதிரி இருக்கு" என்று எழுதினான்.

இன்னும் ஒன்று மட்டும். வாசிக்காத நேரத்தில் அடியில் ஒரு 'உம்' ஓடுகிறது. கம்பியைத் தொட்டால் குறைகிறது.

பாளையங்கோட்டை சவுண்ட்:

சந்தோஷம் அண்ணாச்சி. அது 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஹம். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றால், அந்த பிளக்கில் எர்த் சரியில்லாமல் இருக்கலாம். எலெக்ட்ரீஷியனை வைத்துச் சரிசெய்யுங்கள். நிற்காவிட்டால் சிங்கிள் காயில் வாங்குகிற இரைச்சல், லேப்டாப்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, திரும்பி உட்கார்ந்து பாருங்கள். யாராவது எர்த் பின்னை ஒடித்துவிட்டால் சத்தம் போய்விடும் என்று சொன்னால் கேட்காதீர்கள். கிட்டார் கம்பிகள் அந்த எர்த்தோடுதான் சேர்ந்திருக்கின்றன, உங்கள் விரல் கம்பியின் மேல் இருக்கிறது.

தூத்துக்குடி கிட்டார் வாத்தியார்:

சார்ஜரைக் கழற்றினேன், நின்றுவிட்டது. எலெக்ட்ரீஷியன் வியாழக்கிழமை வருகிறார். அதுவரை பேட்டரியில்தான் பயிற்சி.