பிடரி வலிக்காத கேமரா ஸ்ட்ராப்: உங்கள் அனுபவம் என்ன?

ஏழு வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். முதல் நாலு வருடம் கேமராவோடு பெட்டியில் வந்த ஸ்ட்ராப்தான். கேனான் 5டி மார்க் 4, கூடவே தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் 70-200 எஃப் 2.8 லென்ஸ். பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா, 890 கிராம், லென்ஸ் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ. முந்தின நாள் ரிசப்ஷனில் கழுத்தில் ஏறினால் மறுநாள் பந்தி முடியும்வரை இறங்காது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் பிடரியில் இரண்டு விரல் அகலத்துக்குச் சிவந்திருக்கும். குளிக்கும்போது எரியும்.

பட்டை அகலமாக இருந்தால் சரியாகிவிடும் என்று நியோப்ரீன் (மெத்தென்ற செயற்கை ரப்பர்) ஸ்ட்ராப் வாங்கினேன். கடையில் மாட்டிப் பார்த்தபோது எடையே தெரியவில்லை. மண்டபத்தில்தான் வினை. அது இழுபடுவதால், மாப்பிள்ளை அழைப்பில் பின்னோக்கி நடக்கும்போது கேமரா குதித்துக் குதித்து வயிற்றில் இடித்தது. சிவப்பு குறைந்தது, கழுத்து வலி அப்படியே இருந்தது. பட்டை எவ்வளவு அகலமானாலும் பாரம் கழுத்தில்தானே விழுகிறது!

அப்புறம் குறுக்கே போடும் ஸ்லிங்குக்கு மாறினேன். இடது தோளில் ஏறி வலது இடுப்பில் தொங்கும். கேமராவைத் தூக்கினால் அது மட்டும் பட்டையில் வழுக்கி மேலே வரும், தோள்பட்டைத் துண்டு அசையாது. முதல் கல்யாணத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. ஆனால் நீளத்தைச் சரியாக வைக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டால் கிரிப் உள்ளங்கையில் வந்து உட்கார வேண்டும். அதற்கும் கீழே இறங்கினால் லென்ஸ் மண்டப நாற்காலிகளில் எல்லாம் இடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. இந்த ஸ்லிங்கின் திருகு, கேமராவின் அடியில் டிரைபாட் (முக்காலி) மாட்டும் கால் அங்குலத் துளையில் ஏறுகிறது. நடக்க நடக்கக் கேமரா சுழல்வதால் அது தளரும். ஒரு முகூர்த்தத்தில் தற்செயலாக விரல் பட்டபோது இரண்டு சுற்று கழன்றிருந்தது. நெஞ்சே நின்றுவிட்டது. இப்போது அரை மணிக்கு ஒருமுறை தொட்டுப் பார்க்கிறேன். பாடியின் காது வளையத்திலிருந்து ஒரு பாதுகாப்புக் கயிறும் போட்டிருக்கிறேன்.

உங்களுக்கு எது ஒத்துவந்தது?

பதில் 1:
நான் பறவை எடுப்பவன். 150-600 லென்ஸ் மட்டுமே இரண்டு கிலோ வரும். ஸ்ட்ராப்பைப் பாடியில் மாட்டாதீர்கள், மொத்த லென்ஸும் மவுண்டை (லென்ஸ் பாடியோடு சேரும் இடத்தை) பிடித்து இழுக்கும். லென்ஸைச் சுற்றி இருக்கும் டிரைபாட் காலர் என்ற வளையத்தில் மாட்டுங்கள். வேடந்தாங்கலில் கரையோரம் நடக்கும்போது எனக்கும் ஸ்லிங்தான். பறவை பார்க்கும் கோபுரத்தின் படி ஏறும்போது மட்டும் ஒரு கையால் லென்ஸை உடம்போடு அணைத்துக்கொள்வேன்.

பதில் 2:
அண்ணா, என்னிடம் இருப்பது சோனி ஏ6400. கேமராவோடு சேர்த்து விற்கும் சின்னக் கிட் லென்ஸோடு அரைக் கிலோதான். இதற்குப் பஞ்சு வைத்த அகலப் பட்டை வாங்கிப் பையில் அடைக்கவே இடமில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒரு அங்குல நைலான் பட்டை போதும். தோல் ஸ்ட்ராப் பார்க்க அழகு, ஆனால் சித்திரை வெயிலில் வியர்த்து என் வெள்ளைக் குர்தாவில் இறங்கிய பழுப்புச் சாயம் இன்னும் போகவில்லை. புதிதாக வாங்குபவர்கள் உங்கள் கேமராவையே கடைக்கு எடுத்துப்போய், மாட்டிக்கொண்டு கால் மணி நேரமாவது நடந்து பாருங்கள். காலர் இல்லாத உடையில் பட்டையின் ஓரம் அறுக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.