மெடிக்கெய்ட் பதிவுகளில் தாயையும் சேயையும் இணைக்கும்போது விடுபடும் குழந்தைகள்

கேள்வி:
வணக்கம். கர்ப்பகாலத்தில் தாய் உட்கொண்ட மருந்தால் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு நேர்கிறதா என்பதை அமெரிக்காவில் வருமானம் குறைந்தோருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டின் பதிவுகளைக் கொண்டு ஆராய்கிறேன். தாய்க்கு ஓர் எண், குழந்தைக்கு வேறோர் எண். குடும்பத்தின் வழக்கு எண் (காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்குப் பொதுவாகத் தரப்படும் எண்) ஒன்றாக இருந்து, பிரசவத் தேதியும் பிறந்த தேதியும் பொருந்தினால் இருவரையும் இணைக்கிறேன். ஆயினும் பல பிரசவங்களுக்குக் குழந்தையின் பதிவு கிடைக்கவில்லை. அவற்றை விலக்கிவிடலாமா?

மறுமொழி 1:
தேதி அச்சொட்டாகப் பொருந்த வேண்டுமென்று பார்க்காதீர்கள். கிளெய்மில், அதாவது காப்பீட்டுக்கு அனுப்பப்படும் செலவுக் கோரிக்கையில், இருப்பது பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்த நாள். இரவில் சேர்ந்து மறுநாள் பெற்றவர்கள் இதனாலேயே விடுபடுவார்கள். இரட்டைக் குழந்தைகள் இருவரையும் ஒரே தாயுடன் இணைப்பதில் தவறில்லை. ஒரே வழக்கு எண்ணில் இரு பெண்கள் அடுத்தடுத்துப் பெற்றிருந்தால் மட்டும் அந்தக் குடும்பத்தை விட்டுவிடுங்கள்.

மறுமொழி 2:
விலக்குவதற்கு முன் விடுபட்டவர்கள் யார் என்று பாருங்கள். பிறந்த சில நாட்களுக்கான சிகிச்சைச் செலவு பல இடங்களில் தாயின் எண்ணிலேயே கோரப்படுகிறது. தனி எண் கிடைக்குமுன் இறந்துவிட்ட குழந்தைக்கென்று ஒரு பதிவே இராது. தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தை வேறு வழக்கு எண்ணுக்குப் போய்விடும். ஆகவே கடுமையான குறைபாட்டுடன் பிறந்தவர்களே அதிகம் விடுபட்டிருக்கக்கூடும். அவர்களை இழந்த ஆய்வு, தீங்குள்ள மருந்தையும் தீங்கற்றதாகக் காட்டிவிடும் என்பதுதான் என் கவலை. இணைந்த தாய்மாரையும் இணையாதவர்களையும் வயது, மாநிலம், குறைப்பிரசவம், மருந்துப் பயன்பாடு ஆகியவற்றில் ஒப்பிட்டுக் காட்டுங்கள். தாயின் கிளெய்ம்களிலும் குழந்தையின் நோய்க்குறியீடுகளைத் தேடுங்கள். ஆனால் இதயக் குறைபாட்டுக் குறியீடு பிரசவத்துக்கு முன்பே அங்கு இருந்தால் அது தாயுடையதாகவே இருக்கும்.

மறுமொழி 3:
இந்த உழைப்பு வீண்போகாது. அமெரிக்கப் பிரசவங்களில் பத்துக்கு ஏறத்தாழ நான்கு மெடிக்கெய்டின் செலவில் நடப்பவை. வாந்தியைத் தடுக்கும் மருந்தான ஒண்டான்செட்ரான் பற்றி 2018-இல் வெளியான ஆய்வு, இவ்வாறு இணைக்கப்பட்ட ஏறத்தாழ 18 லட்சம் கர்ப்பங்களைக் கொண்டது: இதயக் குறைபாட்டுடன் தொடர்பு தென்படவில்லை, வாய்ப்பிளவு மட்டும் 10,000 பிறப்புகளுக்கு மூன்று கூடுதலாகக் காணப்பட்டது. சிறிய தொகுப்பில் இவ்வளவு நுண்ணிய வேறுபாடு தெரிந்திராது. ஒன்றை நினைவிற்கொள்ளுங்கள்: இந்த இணைப்பு உயிருடன் பிறந்தவர்களை மட்டுமே காட்டும். ஸ்கேனில் குறைபாடு தெரிந்து கலைக்கப்பட்ட கருக்கள் இதில் வாரா. நார்வேயில் 1967 முதல் நடத்தப்படும் பிறப்புப் பதிவேடு இறந்து பிறந்த குழந்தைகளையும் சேர்த்துக்கொள்கிறது. காப்பீட்டுக் கோப்பு பணம் பட்டுவாடா செய்வதற்காக உருவானது என்பதால் அதில் அந்த வசதி இல்லை.

கேட்டவர்:
மிக்க நன்றி. இணையாத பிரசவங்களைத் தனி அட்டவணையாகத் தந்து, அவற்றில் குறைபாட்டு விகிதம் இருமடங்கு, மும்மடங்கு என்று வைத்துக்கொண்டு முடிவு எவ்வளவு மாறுகிறது என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கிறேன்.