வலப்பக்கம் சாய்ந்தால் இடது பொத்தான்: படகைச் சமன்செய்த அனுபவங்கள்

காசிமேட்டிலிருந்து:

சென்ற ஜனவரியில் நடந்தது. கோவளத்துக்கு நேரே ஆழத்தில் தூண்டில் போட்டுவிட்டு, ஐந்து பேரோடு வடக்கே திரும்பிக்கொண்டிருந்தேன். 26 அடி ஃபைபர் படகு, பின்னால் 250 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின். வாடைக்காற்று வலது முன்பக்கத்திலிருந்து அடித்தது. படகு வலப்பக்கமே சாய்ந்து ஓடியது.

புதிதாக ஓட்டுபவர்களுக்கு இது விளங்காது. காற்று வலமிருந்து அடித்தால் படகு இடப்பக்கம்தானே சாய வேண்டும்? வேகத்தில் அப்படி இல்லை. காற்று அணியத்தை, அதாவது படகின் முன்பகுதியை, இடப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். நேராகப் போக நாம் சுக்கானைச் சற்று வலமாகப் பிடித்திருப்போம். வி வடிவ அடிப்பாகம் கொண்ட படகு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கமே சாயும். ஆகவே படகு காற்றை நோக்கியே சாய்ந்துகொண்டு ஓடும், வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் முழுக்க நனைவார்.

நானும் பழைய பழக்கத்தில் “அண்ணே, இரண்டு பேர் இந்தப் பக்கம் வாருங்கள்” என்றுதான் முதலில் சொன்னேன். கட்டுமரத்திலிருந்து வந்த பழக்கம் அது. ஆனால் ஓடும் படகில் ஆட்களை எழுப்பி நடக்கவைப்பது ஆபத்து. அதற்குத்தான் பின்பக்கம் அடியில் இரண்டு தகடுகள் இருக்கின்றன, ட்ரிம் டேப். தகடு கீழே இறங்கினால் தண்ணீர் அதன்மேல் மோதி அந்தப் பக்கத்தின் பின்பகுதியைத் தூக்கும். வலப்பக்கம் சாய்ந்திருந்தால் வலது தகடு இறங்க வேண்டும். இதில் சந்தேகம் இல்லை.

சந்தேகமெல்லாம் தகடுகளை இறக்கும் பொத்தானில்தான். அவசரத்தில் வலது பொத்தானை அழுத்தினேன். சாய்வு இன்னும் கூடியது, ஐஸ் பெட்டி சறுக்கி ஒருவர் காலில் இடித்தது. எங்கள் படகின் பொத்தான்கள் தகட்டைக் குறிப்பவை அல்ல, அணியத்தைக் குறிப்பவை. இடது பொத்தானை அழுத்தினால் அணியத்தின் இடப்பக்கம் தாழும். அதற்காக உள்ளே இறங்குவது வலது தகடு. எந்தத் தகடு எங்கே என்று யோசிக்காமல், எந்தப் பக்கம் உயர்ந்திருக்கிறதோ அந்தப் பக்கப் பொத்தானைத் தொட்டால் போதும். ஒரு தொடுதல், பிறகு சில நொடி பொறுத்திருக்க வேண்டும். படகு உடனே பதில் சொல்லாது. பொறுமையில்லாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும்.

இவ்வளவும் சரிசெய்து, எதிரலையை அணியம் வெட்டிப் போகும்படி இரண்டு தகடுகளையும் கொஞ்சம் இறக்கி, நன்றாகவே வந்துகொண்டிருந்தோம். உண்மையான தவறு துறைமுக வாயிலில் நடந்தது. சென்னைத் துறைமுகத்துக்கு ஆதியில் கிழக்குப் பக்கம்தான் வாயில் இருந்தது. துறைமுகக் கழகத் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் அதை அடைத்து வடகிழக்கில் திறந்தார்கள். தெற்கிலிருந்து வருபவன் மேலே போய், திரும்பி, உள்ளே இறங்க வேண்டும். அதுவரை எதிரே இருந்த அலை, திரும்பிய நொடியில் முதுகுக்குப் பின்னால் வந்துவிடுகிறது.

நான் தகடுகளை ஏற்ற மறந்துவிட்டேன். பின்னால் வந்த அலை பின்பகுதியைத் தூக்கியது, ஏற்கெனவே தாழ்ந்திருந்த அணியம் முன்னால் இருந்த பள்ளத்தில் குத்தியது. அந்த நேரத்தில் சுக்கான் கையில் இருந்தும் படகு என் கையில் இல்லை. வலப்பக்கமாக வெட்டி இழுத்தது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைச் சட்டென்று இழுத்திருந்தால் அணியம் இன்னும் புதைந்திருக்கும். இரண்டு தகடுகளையும் முழுக்க ஏற்றினேன், த்ராட்டில் கைப்பிடியில் கட்டைவிரல் படும் பொத்தானால் எஞ்சினின் அடிப்பாகத்தைப் படகிலிருந்து சற்று வெளியே சாய்த்தேன். அணியம் எழுந்தது. அடுத்த அலையின் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு உள்ளே வந்தோம். ஐந்து பேரில் ஒருவரும் பேசவில்லை. கரையில் கயிறு கட்டும்போது என் விரல்கள் முடிச்சுப் போட மறுத்தன.

இப்போது திரும்பும் முன்பே தகடுகளை ஏற்றிவிடுகிறேன். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஏற்றுகிறேன், படகில் யார் இருந்தாலும் சரி.

திருவான்மியூரிலிருந்து:

அண்ணன் எழுதியதைப் படித்ததும் கை சில்லிட்டது. என்னுடையது சிறிய படகு, 17 அடி, 60 குதிரைத்திறன். தகடு கிடையாது, எஞ்சினைச் சாய்ப்பது மட்டும்தான். ஏப்ரல் காலையில், கடல்காற்று எழும் முன், கண்ணாடி போன்ற கடலில் மகளை அழைத்துப் போனேன். எஞ்சினை வெளியே சாய்க்கச் சாய்க்க அணியம் எழுந்து வேகம் கூடியது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போனதில் படகு தலையாட்டத் தொடங்கியது. அலையே இல்லை, ஆனாலும் அணியம் எழுவதும் விழுவதுமாக ஒரே குதிப்பு. மகள் இருக்கையிலிருந்து தரையில் விழுந்தாள். அந்த நிலையிலேயே படகைத் திருப்பப் பார்த்தேன். புரொப்பெல்லர் காற்றை இழுத்து எஞ்சின் ஓலமிட்டது, படகு நகரவில்லை.

எஞ்சினை உள்ளே இழுத்ததும் இரண்டும் நின்றுவிட்டன. கிளம்பும்போது முழுக்க உள்ளே, படகு எழுந்து ஓடத் தொடங்கியதும் சிறிது சிறிதாக வெளியே, தலையாட்டம் தெரிந்த இடத்திலிருந்து ஒரு படி உள்ளே, திரும்பும் முன் மறுபடி உள்ளே. இப்படித்தான் ஓட்டுகிறேன். மகள் இன்றும் வருகிறாள், ஆனால் பிடியை விடுவதில்லை.

ராயபுரத்திலிருந்து:

எஞ்சின் பழுதுபார்க்கிறேன். ஒரு குழப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். அவுட்போர்டில் புரொப்பெல்லருக்கு மேலே, தட்டின் அடியில், சிறு துடுப்பு மாதிரி ஒன்று இருக்குமே, அதற்கும் ட்ரிம் டேப் என்றுதான் பெயர். அது சாய்வைச் சரிசெய்யாது. சுக்கான் ஒரு பக்கம் இழுப்பதைச் சரிசெய்வது. படகு வலப்பக்கம் இழுத்தால் துடுப்பின் பின்விளிம்பை வலப்பக்கமே திருப்ப வேண்டும். பல எஞ்சின்களில் அதுவே அரிப்பைத் தாங்கும் துத்தநாகத் துண்டும்கூட. அழகுக்காக அதன்மேல் பெயின்ட் அடித்துக் கொண்டுவருகிறார்கள். பார்த்தால் வயிறு எரிகிறது. பெயின்ட் அடித்தால் அது வேலை செய்யாது, அரிப்பு எஞ்சினில் ஏறும்.

எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் தகடு வைத்திருப்பவர்கள் கட்டிப்போடும்போது முழுக்க ஏற்றிவிடுங்கள். தகட்டைத் தள்ளும் தண்டு நீட்டியபடி நின்றால் சிப்பி ஒட்டி, உள்ளே போகும்போது எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் வளையத்தைக் கிழிக்கும்.

போன மாதம் ஒருவர் படகு எப்போதும் இடப்பக்கமே சாய்கிறது, தகடு இரண்டையும் மாற்றிக் கொடு என்றார். ஓட்டிப் பார்த்தேன், சாய்ந்தது. எஞ்சினை அணைத்தேன், நின்ற நிலையிலும் சாய்ந்தே இருந்தது. இடது இருக்கைப் பெட்டியைத் திறந்தால் இரண்டு பேட்டரி, நங்கூரம், சங்கிலி, பழைய பெட்ரோல் கேன், எல்லாம் அங்கேயே. பேட்டரி ஒன்றை வலப்பக்கம் மாற்றி, நங்கூரத்தையும் சங்கிலியையும் அணியத்துக்குக் கொண்டுபோனேன். தகட்டைத் தொடவில்லை. கேனை மட்டும் அவர் வீட்டுக்கு எடுத்துப் போனார்.