சீப்பு மேலே போனது, சடை அடியில் இருந்தது

எங்கள் ரஃப் கோலி நாயை முதன்முறை பார்ப்பவர்கள் அதன் முடியைத் தொடாமல் போனதில்லை. நானும் தினமும் மாலையில் சீப்பும் கையுமாக உட்கார்ந்துவிடுவேன். மேலே பட்டுப்போல மினுங்கும். ஒருநாள் காதுக்குப் பின்னால் ஓயாமல் சொறிகிறதே என்று விரலை விட்டுப் பார்த்தேன். கம்பளித் துண்டுபோலக் கெட்டியாக ஒரு சடை! முன்னங்கால் இடுக்கில் இன்னொன்று, பின்தொடையில் மூன்று. அத்தனை மாதங்களாக நான் சீவியது மேல்முடியை மட்டும்தான்.

கோலிக்கு இரண்டு அடுக்கு முடி. மேலே நீளமான, சற்றுச் சொரசொரப்பான முடி; அடியில் பஞ்சுபோல அடர்ந்த முடி. சடை விழுவது அடியில். அதனால் இப்போது நாயை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தோல் கோடாகத் தெரியும்வரை முடியைக் கையால் பிரித்து, வயிற்றிலிருந்து முதுகை நோக்கி வரிசை வரிசையாகச் சீவுகிறேன். சீவுமுன் லேசாகத் தண்ணீர் தெளிப்பேன்; காய்ந்த முடி ஒடியும். முதல்முறை இரண்டரை மணி நேரம் ஆனது, இருவருக்குமே பொறுமை போய்விட்டது. இப்போது வாரம் ஒருமுறை, முக்கால் மணி நேரம். அடிமுடி மொத்தமாக உதிரும் பருவத்தில் மட்டும் தினமும்.

வெயிலுக்கு மொட்டையடித்துவிடச் சொல்லாத ஆள் இல்லை. நான் கேட்கவில்லை. மேல்முடிதான் அதன் தோலுக்குக் குடை. மழித்தால் பழையபடி வளரும் என்ற உறுதியும் இல்லை. பாத விரல்களுக்கு இடையே மட்டும் கத்தரிப்பேன்.

*

நானும் கோலி வளர்ப்பவன்தான். சடையை விடுங்கள், என் கதை மருந்தைப் பற்றியது. எங்கள் கோலிக்கு வயிற்றுப்போக்கு. வீட்டில் மனிதர்களுக்கான லோபெரமைடு மாத்திரை இருந்தது. கொடுக்கும் முன் கால்நடை மருத்துவருக்கு எதற்கும் ஒரு போன் செய்தேன். "என்ன இனம்?" என்றார். சொன்னதும், "மாத்திரையை முதலில் கீழே வையுங்கள்" என்றார்.

கோலிகளில் பெரும்பாலானவற்றுக்கு எம்டிஆர்1 என்ற மரபணுவில் குறை இருக்கிறது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கணக்கில் சுமார் 70 சதவீதம். சில மருந்துகள் மூளைக்குள் தங்காமல் வெளியே தள்ளும் வேலை இவற்றில் சரியாக நடப்பதில்லை. மருந்து அங்கே தங்கிவிட்டால் நாய் தள்ளாடும், எச்சில் ஒழுகும், நினைவு தப்பும், உயிரே போகலாம். அந்த மருந்துகளில் லோபெரமைடு ஒன்று. ஒட்டுண்ணிகளுக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின், அதிக அளவில் போனால், இன்னொன்று. ஐவர்மெக்டின் கொடுத்த குதிரையின் சாணத்தைத் தின்றால்கூட ஆபத்தாம்! கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தடவியெடுத்து அனுப்பினால் பரிசோதித்துச் சொல்லிவிடுகிறார்கள். எங்கள் நாய்க்கு, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்த அந்த மரபணுவின் இரு பிரதியிலும் குறை. அதன் மருத்துவ நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.

*

மேலே இருவரும் பயமுறுத்திவிட்டீர்கள், நான் நல்லதாக ஒன்று சொல்கிறேன். பிறந்தநாளுக்கு வந்த பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடினார்கள். ஸ்காட்லாந்து மலையில் ஆடு மேய்த்த வம்சத்தில் வந்த எங்கள் கோலி சும்மா இருக்குமா? கடிக்கவில்லை, சுற்றிச்சுற்றி வந்து, மூக்கால் முட்டியே ஒவ்வொருவரையும் சுவரோரம் சேர்த்துவிட்டது. பிறகும் குரைப்பை நிறுத்தவில்லை. என்னவென்று பின்னாலேயே போனால், கட்டிலுக்கு அடியில் என் இளைய மகன் வாயைப் பொத்திக்கொண்டு படுத்திருக்கிறான். அன்றிலிருந்து கண்ணாமூச்சி என்றால் முதலில் நாயை மாடியில் விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள்.