உகாண்டா குலு: புது வீட்டுல யாகா மீட்டர் டோக்கன ஏத்துக்க மாட்டேங்குது, உதவி பண்ணுங்க

பாளை_தம்பி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஒரு கிறிஸ்தவ தொண்டு நிறுவனம் மூலமா ஸ்கூல் கட்டட வேலைக்கு வாலண்டியரா குலு வந்திருக்கேன். குடுத்த வீடு நல்லாத்தான் இருக்கு, ஆனா முன்ன இருந்த குடும்பம் 2024 நடுவுல ஊருக்குப் போயிட்டாங்களாம், அதுலேர்ந்து பூட்டியே கிடந்திருக்கு. இங்க கரண்ட் எல்லாம் ப்ரீபெய்டு, யாகான்னு சொல்றாங்க, காசு கட்டினா 20 இலக்க நம்பர் வரும், அத கீபேட்ல அடிச்சா யூனிட் ஏறணும். மீட்டர் வெளிய போஸ்ட்ல, கீபேட் மட்டும் சமையக்கட்டு சுவத்துல. முக்கு கடைல லட்சம் ஷில்லிங்குக்கு வாங்கினேன் (பயந்துராதீங்க, நம்ம காசுக்கு ரெண்டாயிரத்து சொச்சம்தான்). சீட்டுல மூணு நம்பர் இருக்கு, மூணுமே 20 இலக்கம், கடைக்காரர் கடைசி நம்பர்தான் யூனிட்டுன்னாரு. அத அடிச்சா ரிஜெக்ட்னு வருது. கீபேட் பேட்டரியும் புதுசு போட்டாச்சு. வந்ததுலேர்ந்து மெழுகுவத்திதான். அப்புறம் கட்டின காசுல பாதிக்குக்கூட யூனிட் வரல, அது ஏன்?

சங்கீதக்காரி:
ஜெபத்துல வச்சுக்கிறேன் தம்பி 🙏

கம்பாலா_அண்ணாச்சி:
ஜெபமும் நடக்கட்டும், மொத ரெண்டு நம்பரையும் அடிங்க தம்பி. அது யூனிட் இல்ல, மீட்டரோட கீய (டோக்கன சரிபாக்க மீட்டருக்குள்ள இருக்கற ரகசிய நம்பர) மாத்துற நம்பர். இந்த மாதிரி டோக்கன் மீட்டர் எல்லாம் 1993 ஜனவரி 1லேர்ந்து நிமிஷக் கணக்கு வச்சு ஓடுது, ஒரு டோக்கன ரெண்டு தடவ போட்டு ஏமாத்தக் கூடாதுங்கறதுக்காக. அந்தக் கணக்குக்கு ஒதுக்குன இடம் சுமார் 1.68 கோடி நிமிஷத்தோட நிறைஞ்சு போச்சு, அது முடிஞ்ச தேதி 2024 நவம்பர் 24. உகாண்டா மட்டும் இல்ல, கென்யா, தென்னாப்பிரிக்கா எல்லா இடத்துலயும் அதுக்கு முன்னாடியே மீட்டரோட கீய மாத்தச் சொல்லி மாசக்கணக்கா அறிவிப்பு குடுத்துட்டு இருந்தாங்க. உங்க வீடு அப்ப பூட்டிக் கிடந்துச்சு, மீட்டர் இன்னும் பழைய கணக்குலயே இருக்கு.
சீட்டுல இருக்கற வரிசையிலயே அடிங்க. மொத நம்பர், என்டர், ஏத்துக்கிச்சான்னு பாத்துட்டு ரெண்டாவது, அப்புறம்தான் மூணாவது. தப்பு தப்பா அடிச்சுக்கிட்டே இருந்தா சில மீட்டர் கொஞ்ச நேரம் லாக் ஆயிரும், அப்டி ஆச்சுன்னா விட்டுட்டு டீ குடிச்சுட்டு வாங்க.

பாளை_தம்பி:
அண்ணே டிராயர்ல அந்தக் குடும்பம் விட்டுட்டுப் போன ஒரு டோக்கன் சீட்டும் கிடக்கு, அத மொத அடிச்சுப் பாக்கவா?

கம்பாலா_அண்ணாச்சி:
அடிச்சுப் பாருங்கய்யா. அவங்க அடிக்காம விட்ட டோக்கனா இருந்தா ஏறலாம், ஆனா கீ மாத்துற நம்பருக்கு முன்னாடியே அடிக்கணும், அப்புறம் அது ஏறாது.

குலு_நர்ஸ்:
யூனிட் கம்மியா வந்ததுக்கு நான் சொல்றேன். மாசாமாசம் சர்வீஸ் சார்ஜ் உண்டு, நாம வாங்காத மாசத்துக்கும் சேத்து வச்சு அடுத்த தடவ வாங்கும்போது மொத்தமா பிடிச்சுக்குவாங்க. மேல 18 சதவீதம் வாட் வேற. சீட்டுல தனித்தனியா போட்டிருக்கும், நல்லாப் பாருங்க. பூட்டிக் கிடந்த காலத்துக்கு நீங்க எதுக்குக் கட்டணும்? சீட்ட போட்டோ எடுத்து உங்க ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்பி கணக்குல எழுதச் சொல்லுங்க, ஊழியம்னா கைக்காச எல்லாம் விடணும்னு ஒண்ணும் இல்ல. 2025 ஏப்ரல்லேர்ந்து கரண்ட் விநியோகம் அரசு கம்பெனி கைக்கு வந்திருச்சு, அதனால அந்த வீட்டுப் பேர்ல பழைய பாக்கி ஏதும் நிக்குதான்னும் அவங்க ஆபீஸ்லயே கேட்டுருங்க. அடுத்த தடவ கடைக்குப் போக வேணாம், போன்லயே மொபைல் மணில வாங்கலாம், எம்டிஎன் சிம்னா *165#, ஏர்டெல்னா *185#. கொசுவல கட்டியாச்சா? இது மலேரியா ஊரு, வலைக்குள்ளதான் தூங்கணும், ஓரத்த மெத்தைக்கு அடில சொருகி விடுங்க.

பாளை_தம்பி:
ஏறிருச்சு!! மொத நம்பர் ஏத்துக்கிச்சு, ரெண்டாவதும் ஏத்துக்கிச்சு, மூணாவது போட்டதும் யூனிட் காட்டிச்சு, அடுத்த வினாடி வராந்தா லைட்டு எரியுது, பக்கத்து வீட்டுப் புள்ளைங்க எல்லாம் கைதட்டுதுங்க. ரொம்ப தேங்க்ஸ் அண்ணே, அக்கா. வலை இருக்கு, மேல கொக்கி இல்ல, நாளைக்கு ஆணி அடிக்கணும். இன்னொண்ணு, ஊர்லேர்ந்து கொண்டுவந்த இண்டக்சன் ஸ்டவ் பிளக் இங்க நுழைய மாட்டேங்குது.

கம்பாலா_அண்ணாச்சி:
இங்க பிரிட்டிஷ் பிளக், பட்டையா மூணு கால். அடாப்டர் எல்லாம் அந்த லோடுக்குத் தாங்காது, எலக்ட்ரீசியன வச்சு பிளக்கையே மாத்திருங்க. அத விட, இண்டக்சன வச்சு சோறாக்குனா அந்த யூனிட் சீக்கிரம் கரைஞ்சிரும். சின்ன கேஸ் சிலிண்டர் ஒண்ணு வாங்கிக்கோங்க.